வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன விசா?

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சுகன்யா என்னைப் பிடித்துக்கொண்டாள். திண்டுக்கல்லில் நான் தலை நரைக்கும்வரை வேலை பார்த்த பயண ஏஜென்சியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. பழைய முதலாளி போய் அவருடைய பேரன் முதலாளி ஆகிவிட்டார்.

"ஏம்மா, ஒரு கல்யாணத்துக்கு எதுக்கும்மா இத்தனை வகை விசா?" என்றாள். "நிச்சயம் பண்ணவங்களுக்கு ஒண்ணு, கல்யாணம் ஆனவங்களுக்கு ஒண்ணு, அங்க போயி கட்டிக்கிறவங்களுக்கு ஒண்ணு. இதுல நாங்க எதை எடுக்கன்னு வாரவங்க எல்லாம் என்னையக் கேக்குறாங்க. எனக்குத் தலை சுத்துது. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?"

"எங்க காலத்துல இதுல ஒண்ணுகூடக் கிடையாதும்மா" என்றேன்.

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் லூர்துமேரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்துவிட்டு, அவர்களிடமே டைப்பும் படித்தேன். டைப்பில் தப்பு விட்டால் ஜெபமாலை சொல்லவேண்டும் என்பது சிஸ்டரின் தண்டனை. அதனால் நான் டைப்பிலும் ஜெபத்திலும் ஒருசேரத் தேறினேன். ஐம்பதுகளின் நடுவில் வேலை தேடியபோது பெண்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை கொடுக்க ஊரில் பலருக்குத் தயக்கம் இருந்தது. அமீர் ராவுத்தர் மட்டும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் அடித்த தாளைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்துரும்மா" என்றார்.

ஆபீஸ் ரயிலடிப் பக்கம் ஒரு புகையிலைக் குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தும்முவார்கள். ராவுத்தர் பொறுமையாகக் காத்திருப்பார். "தும்மி முடிங்க, பெறகு சமாசாரம் சொல்லுங்க" என்பார். பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் மனு, விசா மனு, கப்பல் டிக்கெட், அம்மை குத்திய சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் வழி செய்து கொடுப்பது எங்கள் தொழில்.

ராவுத்தர் வாலிபத்தில் ரங்கூனில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனின் பயமும் அந்தப் பக்கம் உட்காருகிறவனின் சலிப்பும் அவருக்கு அத்துப்படி. அந்த இரண்டையும் ஒரே ஆளாக நடித்துக் காட்டுவதுதான் அவருடைய தனி வழி.

கொடைக்கானலில் யாரோ துரை ஊருக்குப் போகும்போது ஏலம் விட்ட கறுப்புக் கோட் ஒன்று அவரிடம் இருந்தது. விசா கேட்டு வருகிற எவரையும் அவர் ஒத்திகை பார்க்காமல் அனுப்ப மாட்டார். தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைப்பார். கோட்டை மாட்டுவார். இடுப்பில் அதே கட்டம் போட்ட கைலிதான் இருக்கும். மேசை மறைத்துக்கொள்ளும். அந்த நிமிடத்திலிருந்து அவர் விசா ஆபீசர். உங்களை அவருக்குத் தெரியாது. என்னையும் தெரியாது. குரலும் மாறிவிடும். "உமது பெயர் என்ன? எதற்காகப் பயணம்?" என்று புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசுவார். அந்த நேரத்தில் டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்தால், "அனுமதியின்றி உள்ளே வராதீர்" என்று அவரையும் துரத்திவிடுவார். கோட்டைக் கழற்றியதும், "எங்கம்மா டீயக் காணோம்?" என்று என்னைக் கேட்பார்.

ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யா வியாபாரி அம்மாள் வந்தார். புருஷன் மலாயாவில் இருந்தார். ஆபீசராகிவிட்ட ராவுத்தர், "நீர் அங்கே போக என்ன காரணம்?" என்றார்.

"என் புருசனப் பாக்கப் போறேனுங்க. நீ யாரு அத கேக்க?" என்றார் அந்த அம்மாள்.

"கேட்பதற்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது."

"அந்தச் சட்டத்தக் கூப்பிடுங்க, நானும் ரெண்டு வார்த்த கேக்கணும்."

ராவுத்தர் கோட்டைக் கழற்றிவிட்டார். "மேரிம்மா, இவுகளுக்கு ஒத்திகை வேணாம். அந்த ஆபீசருக்குத்தான் வேணும்" என்றார். அம்மாள் ஒரு கூடை கொய்யாவை வைத்துவிட்டுப் போனார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ மனுக்கள் அடித்திருக்கிறேன். அதில் என்னை ஆட்டிவைத்தது பழனியாண்டியின் மனுதான்.

பழனியாண்டி குஜிலியம்பாறைப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி. ஐம்பதுகள் முடியும் தறுவாயில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தும்மி முடித்ததும் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தாய்மாமன் சின்ன வயதிலேயே இலங்கைக்குப் போய், பதுளையில் பலசரக்குக் கடை வைத்து, அங்கேயே குடியுரிமை பதிந்துகொண்டவர். மாமன் மகள் ராஜேஸ்வரி அங்கே பள்ளிக்கூட டீச்சர். ஊருக்கு வந்திருந்தபோது பழனியாண்டிக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு லீவு முடிந்து அவள் திரும்பிவிட்டாள். அதிக நாள் வெளியே தங்கினால் பதிந்து வாங்கிய குடியுரிமைக்கே ஆபத்து என்று பயம். போகும்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

"நான் அங்க போயி இருந்துக்கலாம்னு பாக்கேனுங்க" என்றார்.

"அவுகள இங்க கூட்டிக்கிரலாமே?" என்றேன் நான்.

"மாமாவுக்கு இளைப்பு நோவு. அத்தையும் இல்ல. ஒத்தப் பொண்ணு. அதுவுமில்லாம..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இல்லங்க, நாந்தான் போகணும்."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "பொண்டாட்டி புருசன் ஊருக்குப் போறதுக்கு வழி இருக்கு தம்பி. புருசன் பொண்டாட்டி ஊருக்குப் போறதுக்கு நான் எங்கயும் பாத்ததில்ல. வீட்டோட மாப்பிள்ளைக்குன்னு எந்த சர்க்கார்லயும் விசா போட்டு வைக்கல."

அவர் சொன்னது சரிதான். எங்களிடம் இருந்த விதிமுறைப் புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு விசா இருந்தது. வியாபாரிக்கு இருந்தது. வேலைக்காரனுக்கு, யாத்திரீகனுக்கு இருந்தது. இவற்றில் ஏதாவது ஒரு ஆளாகப் பழனியாண்டி மாறியாக வேண்டும்.

முதலில் விருந்தாளி ஆக்கிப் பார்த்தோம். ராவுத்தர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"உமது பெயர்?"

"என்னங்க ராவுத்தரய்யா, இப்பத்தான சொன்னேன்."

"ராவுத்தரா? அப்படி எவரும் இங்கே இல்லை."

பழனியாண்டி மெதுவாக என் பக்கம் குனிந்தார். "டைப்பம்மா, ஐயாவுக்கு உடம்புக்கு ஏதும் ஆகலையே?"

நான் விளக்கினேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"எப்போது திரும்பி வருவீர்?"

"திரும்புறதாங்க?"

"விருந்தாளியாகப் போகிறவர் திரும்பியாக வேண்டும்."

"கல்யாணம் பண்ணது திரும்பி வாரதுக்காங்க?"

"அனுமதி மறுக்கப்படுகிறது" என்று ஆபீசர் மேசையைத் தட்டினார். உடனே கோட்டைக் கழற்றிவிட்டு ராவுத்தராகித் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நல்ல பதில்தானப்பா சொல்லிருக்க. எந்தப் படுபாவி உன்னையத் திருப்பி அனுப்பினான்?" பிறகு என்னைப் பார்த்து, "மேரிம்மா, ஒரு மேல்மனு அடி" என்றார். அவரே மறுத்ததற்கு அவரே மேல்மனு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அது ஒத்திகைதான் என்பது மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லும்படி அவரை நன்றாகப் பழக்கி மெட்ராசுக்கு ரயில் ஏற்றிவிட்டோம். அங்கே இலங்கை விசா ஆபீசில் இருந்த ஆபீசர் கோட்கூடப் போடவில்லையாம். உட்காரச் சொன்னாராம். தண்ணீர் கொடுத்து, "ஊர்ல மழை உண்டா?" என்று விசாரித்தாராம். பழனியாண்டிக்கு ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. எப்போது திரும்புவீர்கள் என்று அவர் கேட்டபோது, "அது எம் பொண்டாட்டியக் கேட்டுத்தாங்க சொல்லணும்" என்றாராம். மறுத்துவிட்டார்கள்.

"ஆளு நல்ல மாதிரிங்க" என்று திரும்பி வந்து சொன்னார். "குடுக்க முடியலயேன்னு அவருக்கே ரொம்ப வருத்தம்."

அடுத்து அவரை வேலைக்காரன் ஆக்கினோம். மாமனார் கடையிலேயே கணக்குப்பிள்ளை வேலை. அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டவேண்டும். அதற்கு அங்கே பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவேண்டும். மாமனார் சும்மா, 'கணக்குப்பிள்ளை தேவை' என்று விளம்பரம் கொடுத்தார். கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "பழனியாண்டியத் தவிர எவனும் பொருந்தாத மாதிரியில்ல விளம்பரம் குடுக்கணும்!" நாங்கள் இருவரும் உட்கார்ந்து வாசகம் எழுதி அனுப்பினோம். கணக்கு எழுதத் தெரிய வேண்டும். குஜிலியம்பாறைக் கொள்ளுப் பயறையும் மற்ற ஊர்க் கொள்ளுப் பயறையும் கையில் அள்ளிப் பார்த்தே பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு இளைப்பு வந்தால் முதுகு தேய்த்துவிட வேண்டும். அவரோடு சீட்டு விளையாடித் தோற்க வேண்டும். தோற்றபின் கோபம் வரக்கூடாது.

உலகத்தில் ஒருவருக்குமேல் இப்படி இருக்க முடியாது என்று நம்பினோம். மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. பதுளையிலேயே பிறந்த ஒருவர் வந்தாராம். அவருடைய தாயார் வேடசந்தூர்ப் பக்கம். கொள்ளுப் பயறைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்கிறாராம். முதுகு தேய்ப்பதில் கைராசிக்காரராம். முதல் நாளே மாமனாரிடம் சீட்டில் தோற்றுவிட்டுச் சிரித்தாராம். 'இப்படி ஒரு ஆள் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. வேலையில் சேர்த்துக்கொண்டுவிட்டேன். மாப்பிள்ளைக்கு வேறு வழி பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்.

நான் வாசித்து முடித்ததும் பழனியாண்டி, "மாமாவுக்குப் பாவம், இப்பத்தான் செத்த நேரம் நிம்மதியாத் தூங்குவாரு" என்றார். ராவுத்தர் அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதாக யாத்திரீகன். கதிர்காமத்து முருகனைத் தரிசிக்கப் போவதாக மனு. இந்த யோசனையைச் சொன்னவர் ஐந்து வேளை தொழுகிறவர். அடித்தவள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ராவுத்தர் கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"உமது ஊருக்குப் பக்கத்திலேயே பழனி இருக்கிறது. அங்கே இருப்பவரும் முருகன்தான். பிறகு எதற்காகக் கடல் தாண்டவேண்டும்?"

பழனியாண்டி கொஞ்சம் யோசித்தார். "கதிர்காமம் வள்ளியம்மை ஊருங்க. பொண்டாட்டி ஊருன்னு முருகனே அங்க போயித்தான் இருக்காரு. அவருக்கு யாருங்க விசா குடுத்தா?"

ஆபீசர் மெல்லக் கோட்டைக் கழற்றினார். "இந்த ஒரு பதிலுக்கே குடுத்துருவான்" என்றார் ராவுத்தர்.

மனு தயாரானது. கையெழுத்துப் போட வேண்டிய நாளில் பழனியாண்டி பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"இது வேணாங்க ராவுத்தரய்யா."

"ஏம்ப்பா?"

"சாமியக் கும்பிடப் போறேன்னு சொல்லிப்புட்டு பொண்டாட்டி வீட்டுல போயி உக்காந்துக்கிறது... பிள்ளை பெறக்கப்போற நேரமுங்க. சாமி விசயத்துல மட்டும் பொய் வேணாம்."

ராவுத்தர் மனுவை என்னிடமிருந்து வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார். அவர் ஒரு மனுவைக் கிழித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த மாதமே பதுளையிலிருந்து தகவல் வந்தது. பெண் குழந்தை. பழனியாண்டி ஊரிலிருந்து கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு படியேறினார். குழந்தை யார் சாடையில் இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. "எழுத மறந்துருச்சு போல" என்றார். எங்களுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று ரயிலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அவர் திரும்பவில்லை. தும்மல் வருவதுபோல ஒரு சத்தம் வந்தது. கீழே அன்று புகையிலை லோடு எதுவும் இறங்கவில்லை.

மீதி இருந்தது ஒரே ஒரு வகை. 'சார்ந்து வாழ்வோர்' என்று அதற்குப் பெயர். அந்த நாட்டுக் குடிமகன் ஒருவரின் சம்பாத்தியத்தில் பிழைக்கிறவர்களுக்கானது. யார் யார் வரலாம் என்று போட்டிருந்தது: மனைவி, வயதுவராத பிள்ளைகள், முதிய பெற்றோர், பராமரிப்பில் உள்ள பிற உறவினர். கணவன் என்ற சொல்லே இல்லை.

ராவுத்தர் அந்த வரியை உற்றுப் பார்த்தார். "பிற உறவினர்னு போட்டிருக்கே. இவரு அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"புருசன்" என்றேன்.

"அது கல்யாணத்துக்குப் பெறகு. அதுக்கு முன்ன?"

"அத்த மவன்ங்க" என்றார் பழனியாண்டி.

"அப்ப உறவினர்தானே!"

இப்படித்தான் ராஜேஸ்வரியின் கணவர், ராஜேஸ்வரியின் அத்தை மகன் என்ற தகுதியில் விசா கேட்டார். 'உறவு' என்ற இடத்தில் அத்தை மகன் என்று அடித்து, மேலதிக விவரம் என்ற இடத்தில், 'இவர் மேற்படியாரின் கணவரும் ஆவார்' என்று சேர்த்தேன்.

இந்த மனுவோடு ஒரு சான்றிதழ் வைக்கவேண்டும். பழனியாண்டி சுயமாகப் பிழைக்க வழியில்லாதவர், மனைவியின் வருமானத்தில் வாழ்கிறவர் என்று கிராம முன்சீப் எழுதிக் கொடுக்க, தாலுகாவிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து உறுதி செய்யவேண்டும்.

முன்சீப் கையை விரித்துவிட்டார். "நம்ம ஊரு ஆம்பள பொண்டாட்டி சம்பளத்துல திங்கிறான்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவன் இந்த ஊருக்குப் பொண்ணு குடுப்பான்? வேணும்னா ஒண்ணு செய்யிறேன். உனக்குக் கிறுக்குன்னு எழுதித் தாறேன். அதுல கௌரவக் குறைச்சல் இல்ல."

பழனியாண்டி அதற்கும் சம்மதித்தார். ராவுத்தர்தான் தடுத்தார். கிறுக்கனை எந்த நாட்டிலும் கப்பலிலிருந்து இறங்க விடமாட்டார்கள். கடைசியில் முன்சீப், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சொல்லட்டும், அவர் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. பழனியாண்டி அன்று ஒரு வேலையும் செய்யக்கூடாது என்று ராவுத்தர் கண்டிப்பாகச் சொன்னார். சாவடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். பார்த்தாலே பிழைக்க வழியில்லாதவர் என்று தெரியவேண்டும். பழனியாண்டியை நம்ப முடியாமல் ராவுத்தரும் நானும் பஸ் பிடித்துப் போனோம். முக்கியமான நாள் என்று அவர் கோட்டையும் எடுத்துக்கொண்டார். காலையில் ஈரக்காற்று அடித்ததால் பஸ்ஸில் அதை மாட்டியும் கொண்டார். கைலியை மட்டும் விட்டுவிட்டு வேட்டி கட்டியிருந்தார்.

அந்தப் பக்கம் எல்லாம் மானாவாரி நிலம். மழை பெய்தால்தான் விதைப்பு. மூன்று வருஷமாக வானம் பொய்த்திருந்தது. நாங்கள் போவதற்கு முந்தின நாள் எதிர்பாராமல் நல்ல மழை. ஊரே ஏரைக் கட்டிக்கொண்டு காட்டில் இருந்தது. சாவடியில் ஒரே ஒரு ஆள், பழனியாண்டி, வெள்ளை வேட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு வேதனையை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை.

கோட்டைப் பார்த்ததும் முன்சீப் ஓடிவந்து ராவுத்தரைக் கும்பிட்டார். நாற்காலி வந்தது. மோர் வந்தது. "ஐயா தாலுகாவுல இருந்துங்களா?" என்றார். ராவுத்தர் மறுக்க வாயெடுப்பதற்குள் இன்னொரு சொம்பு மோரும் வந்துவிட்டது.

அப்போது பழனியாண்டியின் தாயார் விதைப்பெட்டியோடு வந்து நின்றார். "ஏலே, ஈரம் காயுதுடா. மாடு கட்டி நிக்குது. நீ என்னடான்னா மாப்பிள்ள வேசம் போட்டு உக்காந்திருக்க."

பழனியாண்டி ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தலையை ஆட்டினார், போகாதே என்று. பழனியாண்டி வானத்தைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் ஏரைப் பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. முழங்கால்வரை சேறோடு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். நாற்காலியில் கோட்டோடு ஒருவர் இருப்பதைக் கண்டு, தனக்கு மேலதிகாரி யாரோ முன்கூட்டியே வந்துவிட்டதாக நினைத்துச் சலாம் வைத்தார். ராவுத்தர் எழுந்து, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, "நான் சும்மா டிக்கெட் விக்கிறவனுங்க" என்றார். முன்சீப் மோர்ச் சொம்பை வெறித்துப் பார்த்தார்.

"பழனியாண்டிங்கிறது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முன்சீப் காட்டைக் காட்டினார்.

"அங்க உழுதுக்கிட்டிருக்கவரா? அவரா பிழைக்க வழியில்லாதவரு?" என்று அவர் சிரித்துவிட்டார். எல்லாரும் வரப்பில் நடந்து போனோம்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "இது யாரு நிலம்?"

"என்னுதுங்க." பழனியாண்டி மேழியை விடவில்லை.

"உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"பெறகு எப்படியப்பா நான் எழுதுறது? சரி, போன வருசம் என்ன வெளஞ்சுச்சு?"

"ஒண்ணும் வெளயலங்க."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் மழ இல்லங்க."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

பழனியாண்டி மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு தாயாரைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ அனுப்புனா. முந்தி கடன்ல ஓடுச்சு, கல்யாணமாகி அவ போனதுலருந்து அவதான் அனுப்புறா. நான் திண்டுக்கல்லுக்குப் போயி வாங்கிட்டு வருவேன். இங்க தெரிஞ்சா... கெணத்து வேலைக்குப் போனேன், ரோட்டு வேலைக்குப் போனேன்னு வீட்டுல சொல்லுவேன். இந்த மாடு அவ காசுங்க. அந்தப் பெட்டில இருக்க வெதையும் அவ காசுதான்."

தாயார் விதைப்பெட்டியை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். முன்சீப் வேறு பக்கம் பார்த்தார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். எங்கள் மாடியில் அடித்த மனுக்களில் முழுப் பொய் என்று நாங்கள் பயந்தது அந்த மனுவைத்தான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று எங்களுக்கு அந்த வரப்பில்தான் தெரிந்தது. பொண்டாட்டியை இங்கே கூட்டிக்கொள்ளலாமே என்று நான் முதல் நாள் கேட்டபோது அவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்பதும் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்து எழுதினார். 'மேற்படி நபர் கடுமையாக உழைப்பவர். ஆயினும் பிழைப்பது மனைவியின் வருமானத்தில்.' எழுதிவிட்டு முன்சீப்பிடம் நீட்டினார். முன்சீப் தயங்கினார்.

"போடுங்க" என்றார் பழனியாண்டியின் தாயார். "சோறு போட்டவ பேரு அதுல இருக்கணுமில்ல? போடுங்க."

முன்சீப் போட்டார். தாயார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலில் விதை போடப் போய்விட்டார்.

விசா வந்தது. ராஜேஸ்வரிக்கு இதுபோல இன்னொரு உறவினர் எவரும் இல்லையே என்று மெட்ராசிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இல்லை என்று உறுதிமொழி அடித்து அனுப்பினேன். அதன் பிறகு தாமதம் இல்லை. நிலத்தைச் சித்தப்பா மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பழனியாண்டி கிளம்பினார். மதுரை போய், அங்கிருந்து ராமேசுவரம் பாதையில் மண்டபம் முகாமில் தங்கி, டாக்டர் பார்த்தபின் கப்பல். ராவுத்தர் ரயிலடிக்கே வந்தார்.

"மறந்துராத தம்பி. விசாவுல என்ன போட்டிருக்கு? எந்த வேலையும் செய்யக் கூடாது. சம்பளத்துக்கும் கூடாது, சும்மாவும் கூடாது. மாமனார் கடையில நீ ஒரு பொட்டணம் மடிச்சுக் குடுத்தாலும் போச்சு. ஏறக்கட்டி அனுப்பிருவான்."

"நான் என்னதாங்க செய்யிறது அங்க?"

"சார்ந்து வாழு" என்றார் ராவுத்தர்.

ரயில் போன பிறகு வெகுநாள் தகவல் இல்லை. அப்புறம் ஒரு நாள் கடிதம் வந்தது. நான் சத்தமாக வாசிக்க ராவுத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். பழனியாண்டி சேர்ந்தபோது குழந்தை உட்காரப் பழகியிருந்ததாம். முதல் ஒரு வாரம் இவரைக் கண்டாலே வீறிட்டு அழுததாம். இப்போது இவரை விட்டு இறங்குவதே இல்லையாம். ராஜேஸ்வரி பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மாமாவும் கணக்குப்பிள்ளையும் கடையில் இருக்கிறார்கள். 'நான் கடைப் பக்கமே போவதில்லை. காலையிலிருந்து மாலைவரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், நல்ல வேலைதான் பார்க்கிறீர் என்று சொன்னார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. பிள்ளை தூக்குவது வேலையில் சேருமா என்று ராவுத்தரய்யாவைக் கேட்டு எழுதவும்.'

ராவுத்தர் சிரிக்கவில்லை. விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். மத்தியானம் முழுவதும் அதைப் புரட்டினார். கோட்டைக்கூட ஒரு தடவை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று யோசித்துவிட்டுக் கழற்றினார். எங்கேயும் பதில் இல்லை. ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்று முடிவு செய்து, சொல்லச் சொல்ல என்னை அடிக்கச் சொன்னார்.

'அன்புள்ள தம்பிக்கு, வீட்டுக்குள் தூக்குவதில் ஆட்சேபம் இல்லை. அதிகாரிகளோ வெளியாட்களோ பார்க்கும் சமயத்தில் குழந்தையைக் கீழே இறக்கிவிடவும்.'

அடுத்த கப்பல் தபாலில் ஒரு கார்டு வந்தது. அதில் ஒரே ஒரு வரி.

'இறக்கிவிட்டால் அழுகிறாள்.'

அதற்கு என்ன பதில் அடிக்கட்டும் என்று ராவுத்தரைக் கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, படியேறி வந்து தும்மிக்கொண்டிருந்த அடுத்த ஆளை உட்காரச் சொன்னார்.